டீச்சரிடம் கேளுங்கள்: ஏறினால் ஊர், இறங்கினால் கடல்

போன செப்டம்பரில் அண்ணன் மகளுடன் இத்தாலியின் டஸ்கனியில் பதினொரு நாள் சைக்கிள் மிதித்துவிட்டு வந்த கதையை இந்தப் பத்தியில் இரண்டு இதழ்களாக எழுதியிருந்தேன். பீசாவில் விமானம் இறங்கி, ரயிலில் செச்சினா வந்து, அங்கிருந்து வோல்தெர்ரா, சான் ஜிமிஞ்ஞானோ, சியேனா, மொந்தல்சீனோ என்று மலையூர்களைத் தொட்டு, மாஸ்ஸா மரித்திமா வழியாகக் கடலுக்கு இறங்கி, கரையோடு வடக்கே திரும்பி மறுபடி செச்சினாவிலேயே முடித்தோம். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். காகிதக் கட்டைப் பார்த்தாலே கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். இந்த முறை வந்த கடிதக் கட்டு கொஞ்சம் கனம்தான். எடுத்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், எனக்கு 58 வயது. தினமும் காலையில் சமதளத்தில் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். நீங்கள் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது காலை டிபனுக்கு முந்தைய வேலை ஆயிற்றே! – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

கிலோமீட்டரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் சார். மலையூர்ப் பக்கம் எண்ண வேண்டியது மீட்டரை, அதுவும் மேல்நோக்கிப் போகிற மீட்டரை.

எங்கள் முதல் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். செச்சினாவிலிருந்து சலீனே வரை ஆற்றுப் பள்ளத்தாக்கில் 30 கிலோமீட்டர், தாலாட்டு மாதிரி ஓடிவிட்டது. சலீனே உப்பு எடுக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து 70 மீட்டர் சொச்சம் உயரம். அண்ணாந்து பார்த்தால் மேலே வோல்தெர்ரா, 531 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 9 கிலோமீட்டர் சாலை. 460 மீட்டரை 9,000 மீட்டரால் வகுத்தால் 5 சதவீத ஏற்றம் வருகிறது. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 9 கிலோமீட்டருக்கு எனக்கு ஒரு மணி 25 நிமிஷம் ஆனது. அண்ணன் மகள் ஐம்பது நிமிஷத்தில் ஏறி, காப்பி குடித்து முடித்து, சுவரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

அன்று ராத்திரி எனக்கென்று ஒரு கணக்கு எழுதிக்கொண்டேன்: 100 மீட்டர் உயரம் ஏற 20 நிமிஷம். மறுநாள் சான் ஜிமிஞ்ஞானோவுக்கு 30 கிலோமீட்டர்தான். ஆனால் சாலை இறங்கி இறங்கி ஏறுவதில் மொத்த ஏற்றம் 500 மீட்டரை ஒட்டி வந்தது. ஏற்றத்துக்கு மட்டுமே ஒரு மணி நாற்பது நிமிஷம் ஒதுக்கினேன், சரியாக இருந்தது. நீங்களும் உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது ஒரு மேட்டில் ஏறி உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். என் எண் உங்களுக்கு உதவாது.

இன்னொன்று, கியர். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாடகைக்கு எடுத்த கடையில் (பெயர் வேண்டாம், பாவம்) நான் மின்னஞ்சலில் கேட்டது ஒன்று, கையில் கொடுத்தது இன்னொன்று. முன்னால் உள்ள பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 28 பல். பார்க்க அழகான வண்டி. கடை வாசலிலேயே மனக்கணக்குப் போட்டேன். டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் ஓடும். 34-ஐ 28-ஆல் வகுத்து 2.1-ஆல் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர். 10 சதவீத ஏற்றத்தில் அது 25 சென்டிமீட்டர் உயரம். நான், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 83 கிலோ. ஒவ்வொரு சுற்றுக்கும் 83 கிலோவை 25 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். முடியாது தம்பி என்று திருப்பிக் கொடுத்தேன். முன்னால் 30, பின்னால் 42 உள்ள வண்டி கிடைக்க அரை நாள் போனது. அதில் ஒரு சுற்றுக்கு 1.5 மீட்டர், 15 சென்டிமீட்டர் உயரம். வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம்தான் அது. மாடிப்படி என்றால் இந்த முழங்கால் ஏறும்.

உங்கள் 40 கிலோமீட்டர் வீண் என்று சொல்லவில்லை. உட்காரப் பழகிவிட்டீர்கள், அதுவே பாதி. மீதி பாதி பின்சக்கரத்தின் பற்களில் இருக்கிறது.

இத்தாலிக்காரர்கள் ஏன் எல்லா ஊரையும் மலை உச்சியில் கட்டினார்கள்? தண்ணீர் கீழே, வயல் கீழே, ஊர் மட்டும் மேலே. வேண்டுமென்றே கஷ்டப்பட்டார்களா? – பிளஸ் ஒன் மாணவி

கண்ணு, இந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு, கடைசி ஏற்றத்தில் நானும் கேட்டேன். கேட்ட விதம்தான் அவ்வளவு மரியாதையாக இல்லை.

முதல் பதில் எல்லாருக்கும் தெரிந்தது, பகை. ரோமாபுரி பெரிசாவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை ஆண்டவர்கள் எத்ருஸ்கர்கள். வோல்தெர்ரா அவர்கள் நகரம். அவர்கள் கட்டிய மதில் 7 கிலோமீட்டர் சுற்றளவு. இன்றைக்கு இருக்கிற ஊர் அந்த வளையத்துக்குள் தொளதொளவென்று கிடக்கிறது. மதிலின் தெற்கு வாசலில் ஒரு வளைவு. அதன் மேல் கருத்த கல்லில் மூன்று தலைகள். கண்ணும் மூக்கும் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான மழையில் கரைந்து வெறும் உருண்டைகளாக நிற்கின்றன. யார் முகம் என்று இப்போது சொல்ல முடியாது.

அந்த வாசலுக்கு 1944-இல் ஒரு கண்டம் வந்தது. பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படை, நேச நாட்டுப் படை உள்ளே வராமலிருக்க வாசலை வெடி வைத்துத் தகர்க்க முடிவு செய்தது. ஊர் ஜனங்கள் போய், நாங்களே அடைத்துவிடுகிறோம், வெடி வேண்டாம் என்று கேட்டார்கள். ஒரே நாள் கெடு. ஜூன் 30 அன்று ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, வாசலுக்கு வரும் தெருவில் பாவியிருந்த கற்களையே பெயர்த்து, வளைவு முழுக்க அடுக்கி அடைத்துவிட்டார்கள். வாசல் பிழைத்தது. அப்புறம் கற்களை எடுத்து மறுபடி தெருவில் பாவினார்கள். அந்தத் தெரு செங்குத்து. நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். தள்ளும்போது கண் காலடிக் கல்லில்தான் இருக்கும், அதனால் அதுவும் நல்லதாகவே போயிற்று.

இரண்டாவது பதில் அவ்வளவு பேருக்குத் தெரியாதது, கொசு. டஸ்கனியின் தெற்குக் கடலோரத்துக்கு மரேம்மா என்று பெயர். இப்போது கோதுமையும் பைன் மரமுமாக இருக்கிற அந்தச் சமவெளி, பல நூற்றாண்டுகள் சதுப்பு நிலம். ‘மல் ஆரியா’ என்றால் கெட்ட காற்று. மலேரியா என்ற சொல்லே இத்தாலியர் கொடுத்ததுதான். காற்றில் ஒன்றும் இல்லை, கொசுவில்தான் இருக்கிறது என்பது 1897-இல் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் மேலே போனால் காய்ச்சல் வராது என்பது மட்டும் அனுபவத்தில் தெரியும். கோடை வந்தால் குரோசெத்தோ நகரத்து அரசு அலுவலகங்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்கன்சானோ என்ற மலையூருக்குப் போய்விடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இது நடந்தது. நம் மதராஸ் அரசாங்கம் கோடையில் ஊட்டிக்கு ஏறியது குளிருக்காக. இவர்கள் ஏறியது உயிருக்காக.

டஸ்கனியை ஆண்ட பிரபு இரண்டாம் லியோபோல்தோ 1828-இல் சதுப்பை வடிக்கும் வேலையை ஆரம்பித்தார். இத்தாலியில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1970-இல். நடுவே எத்தனை தலைமுறை பார். மாஸ்ஸா மரித்திமாவிலிருந்து ஃபொல்லோனிக்கா கடற்கரைக்கு 20 கிலோமீட்டர் இறக்கம், ஒரு மணி நேரத்தில் கீழே வந்துவிட்டோம். மேலே மாதாகோவில், கொத்தளம், கல் தெரு என்று எழுநூறு எண்ணூறு வருஷத்து ஊர். கீழே வர வர வீடுகளுக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது. கடலை நெருங்கும்போது எல்லாம் நேற்றுக் கட்டியது மாதிரி. காரணம் தெரிந்தவர்களுக்கு அந்த இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துப் போகத் தோன்றும்.

சொந்த சைக்கிளை விமானத்தில் எடுத்துப் போகலாமா? என்னிடம் பேட்டரி சைக்கிள்தான் இருக்கிறது. – மென்பொருள் வேலையில் இருப்பவர்

பேட்டரி சைக்கிள் என்றால் முடியாது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160 வாட் மணி. சைக்கிள் பேட்டரி 400, 500 இருக்கும். அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஐரோப்பிய விதிப்படி 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிடும். ஏற்றத்தில் அந்த வேகத்தை எட்டப்போவதில்லை, அதனால் கவலை இல்லை. மோட்டார் வைத்தால் அது சைக்கிளே இல்லை என்று சொல்பவர்கள் கடிதம் போட வேண்டாம். வோல்தெர்ரா ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போன எழுபது வயதுத் தம்பதி இருவரும் மோட்டார் வைத்துத்தான் போனார்கள். போகிற போக்கில் கையசைத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

‘வெள்ளைச் சாலை’ என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன? சாதா டயரில் போகலாமா? – சைக்கிள் கடை வைத்திருப்பவர்

‘ஸ்த்ராதே பியாங்கே’. தார் போடாத சரளைச் சாலை. சுண்ணாம்புக் கல் பொடி, வெள்ளையாக இருக்கும். சியேனாவைச் சுற்றி நிறைய உண்டு. இவற்றுக்கும் தார் போட்டுவிடுவார்களோ என்ற கவலையில்தான் 1997-இல் கையோலே என்ற சிற்றூரில் ‘எரோய்க்கா’ என்ற சைக்கிள் ஓட்டத்தை ஆரம்பித்தார்கள். பழைய காலத்து வண்டி, கம்பளிச் சட்டை, தோளில் மாட்டிய டியூப் என்று ஓட்டுவார்கள். அந்தத் தடத்துக்கு இப்போது நிரந்தரமாக வழிகாட்டிப் பலகை உண்டு, மொத்தம் 209 கிலோமீட்டர். தொழில்முறை வீரர்களின் ‘ஸ்த்ராதே பியாங்கே’ பந்தயம் 2007-இல் வந்தது. சியேனாவின் பெரிய சதுக்கத்தில் முடியும். அதற்குச் சற்று முன் சாந்தா கத்தரீனா தெருவில் 16 சதவீத ஏற்றம். அதையும் தள்ளிக்கொண்டே ஏறினேன், வெட்கமே இல்லை.

டயர் விஷயம். 28 மில்லிமீட்டர் அகல டயரில் போகிறவர்கள் இருக்கிறார்கள், பல் கிட்டும். நாங்கள் போட்டது 40, காற்றழுத்தம் 3 ‘பார்’ (bar) அளவுதான். காய்ந்த நாளில் அது போதும். இறக்கத்தில் சாலை வாஷ்போர்டு மாதிரி வரிவரியாக இருக்கும் இடங்களில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன்சக்கரம் வழுக்கும். சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்காலைத் தளர்த்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் மழை பெய்தால் கதை வேறு. சியேனாவுக்குத் தெற்கே ‘கிரேத்தே’ என்ற பகுதி. கிரேத்தா என்றால் களிமண். முந்தின ராத்திரி மழை, காலையில் வெயில், சாலை காய்ந்துவிட்டது என்று நம்பி அஷானோ பக்கம் ஒரு குறுக்கு வழியில் இறங்கினோம். 200 மீட்டர் போயிருப்போம். சாம்பல் நிறக் களிமண் டயரில் ஒட்டியது. ஒட்டினதன் மேல் சரளை ஒட்டியது. அது சுற்றி வந்து மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பியது. அடுத்த சுற்றில் இன்னொரு பூச்சு. கொழுக்கட்டை மாவு காய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. சக்கரம் நின்றே போனது, தள்ளினாலும் உருளவில்லை. தூக்கலாம் என்றால் களிமண்ணோடு வண்டி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கனம். குச்சியால் குத்தி எடுத்தோம். பத்தடி தள்ளுவோம், மறுபடி நிற்கும். அண்ணன் மகள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேட்டில் இருந்த பண்ணை வீட்டிலிருந்து ஒரு பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கூப்பிட்டு, முற்றத்துக் குழாயில் ரப்பர் ஓஸை மாட்டிக் கையில் கொடுத்தார். நான் வேகமாகச் செயினில் பீய்ச்சப் போக, என் மணிக்கட்டைப் பிடித்து, “பியானோ, பியானோ” என்றார். மெதுவா, மெதுவா. வேகத் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும் என்று சக்கரத்தின் நடுவைத் தொட்டுக் காட்டினார். நீங்கள் சைக்கிள் கடைக்காரர், உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பாட்டி சொல்லித்தான் தெரியும். ஆகவே அந்தப் பக்கம் போனால் மட்கார்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது மழைக்கு மறுநாள் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்.

டூரிஸ்ட் பஸ்ஸில் போனால் இந்த ஐந்து ஊரையும் இரண்டே நாளில் பார்த்துவிடலாம். பதினொரு நாள் வேர்வை சிந்தி நீங்கள் அதிகமாக என்ன பார்த்துவிட்டீர்கள்? – ‘கேட்கிறேனே என்று கோபிக்க வேண்டாம்’ என்று எழுதியவர்

கோபமெல்லாம் இல்லை. பஸ்ஸில் போனவர்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். அவர்கள் போன பிறகு பார்த்தேன்.

சான் ஜிமிஞ்ஞானோவில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. உன் வீட்டை விட என் வீடு உயரம். இப்போது 14 மிச்சம். ஊராட்சிக் கோபுரம் 54 மீட்டர். 1990-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். நாங்கள் மூன்றரை மணிக்கு ஏறிப் போனபோது பிரதான தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட நடக்க முடியவில்லை, அவ்வளவு கூட்டம். ஐஸ்கிரீமுக்கே நீண்ட வரிசை. ஐந்தரைக்குப் பஸ்கள் கிளம்ப ஆரம்பித்தன. ஏழு மணிக்கு அதே தெருவில் ஒரு அம்மா நாற்காலியை வாசலில் போட்டு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். கிணற்றுச் சதுக்கத்தின் படியில் உட்கார்ந்தால் புறாக்களின் இறக்கைச் சத்தம் கோபுரத்தில் பட்டுத் திரும்பி வருவது கேட்கிறது.

இதற்காகவே ஒரு யோசனை சொல்வேன், இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ராத்திரி தங்குவது மேலேதான் இருக்க வேண்டும். அடிவாரத்தில் அறை வாடகை குறைவு, நாளைக்குக் காலையில் தெம்பாக ஏறிக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிக் கீழே தங்கினால், காலையில் நீங்கள் ஏறும்போது உங்களைத் தாண்டிக்கொண்டு அத்தனை பஸ்ஸும் ஏறும். கஷ்டம் சாயங்காலமே தீரட்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பள்ளத்தாக்கில் பனிமூட்டம் பால் மாதிரி தேங்கியிருக்க, ஒரு மிதி மிதிக்காமல் அதற்குள் இறங்கிப் போகலாம். இந்த ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளியூர்க் கார்களை விடுவதில்லை. சைக்கிளுக்குத் தடையில்லை. அதுவும் ஒரு சௌகரியம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் தாக்குப்பிடிக்க முடியுமா? – ஒரு வாசகி

தாராளமாக. பீன்ஸ், கருங்கீரை, பழைய ரொட்டி போட்டுக் கொதிக்கவைக்கும் ‘ரிபொல்லீத்தா’, தக்காளியும் ரொட்டியும் குழைத்த ‘பாப்பா அல் பொமொதோரோ’, கையால் உருட்டிய தடித்த ‘பீச்சி’ சேமியா. கறிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டிப்பான சைவம் என்றால் பாலாடைக்கட்டியிலும் கவனம் வேண்டும். பெக்கொரீனோ, பர்மிஜானோ இரண்டையும் கன்று, ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை போட்டுத்தான் பரம்பரையாகச் செய்கிறார்கள். கடலோரத்தில் கடலை மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடும் ‘செச்சினா’ கிடைக்கும், ஊர் பெயரேதான். கடலை மாவு அடை என்று நினைத்துச் சாப்பிட்டேன், ஏமாற்றவில்லை.

ஒரு வேடிக்கை. டஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். காலடியில் உப்புச் சுரங்க ஊரை வைத்துக்கொண்டு மேலே உப்பில்லாத ரொட்டி. வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு இது ஆகாது, சட்டைப் பையில் உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு வரை சிற்றூர்க் கடைகள் கதவடைத்துவிடும். தண்ணீர் வேண்டுமானால் ஊருக்கு வெளியே சைப்ரஸ் மரங்களும் மதிலும் தெரிகிற இடத்துக்குப் போங்கள். அது கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாபிலே’ என்று பலகை இருந்தால் குடிக்காதீர்கள்.

மலை முடிந்து கடலோரம் வந்ததும் நிம்மதியாக இருந்திருக்குமே? – குடும்பத்தோடு போகத் திட்டமிடுபவர்

நானும் அப்படித்தான் நினைத்தேன். சமதளம், கண்ணை மூடிக்கொண்டு 60 கிலோமீட்டர் என்று நாள் கணக்கில் எழுதியும் வைத்திருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடல் காற்று வடமேற்கிலிருந்து எழுந்தது. நாங்கள் போவதும் வடமேற்கு. 15 கிலோமீட்டர் வேகம் 9 ஆனது. மலையிலாவது உச்சி என்று ஒன்று உண்டு, இறக்கம் உண்டு. இதில் அதெல்லாம் இல்லை. குழந்தைகளோடு போவதானால் வடக்கேயிருந்து தெற்கே வாருங்கள், இல்லையென்றால் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், இத்தாலி முழுவதும் கடற்கரையில் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ரோமானியர் போட்ட அவுரேலியா சாலை இந்தக் கரையோரம்தான் போகிறது. இப்போது பல இடங்களில் அது நான்கு வழிச்சாலை, அந்தப் பகுதிகளில் சைக்கிள் போகக் கூடாது. போன் காட்டிய வழியை நம்பி நாங்கள் அதன் ஏறுபாதை வரை போய்விட்டோம். எதிரே வந்த லாரிக்காரர் கையை ஆட்டித் திருப்பி அனுப்பினார். பழைய சாலையோ வயல் பாதையோ பக்கத்திலேயே ஓடும், வரைபடத்தை முந்தின ராத்திரியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியேயும், சுரங்கப் பாதைகளிலும் ஒளிரும் மேற்சட்டை சட்டப்படி கட்டாயம். குழந்தைகள் களைத்துவிட்டால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். சைக்கிள் படம் போட்ட மண்டல ரயில்களில் வண்டிக்குத் தனிச் சீட்டு 3.50 யூரோ, அன்றைக்கு முழுவதும் செல்லும். பெட்டியின் படி உயரம், பைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு தயாராக நிற்க வேண்டும்.

குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய இடம் பராத்தி வளைகுடா. மணலைக் கையில் அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாக மினுக்கும், இரும்பு. எதிரே தெரியும் எல்பா தீவில் தாது வெட்டி, படகில் இங்கே கொண்டுவந்து உருக்கினார்கள் எத்ருஸ்கர்கள். பல நூற்றாண்டு உருக்கியதில் கசடு மலை மலையாகக் குவிந்து, அவர்களுடைய கல்லறைகளையே மூடிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கசடில் மிச்சமிருந்த இரும்புக்காக மறுபடி தோண்டியபோதுதான் அடியிலிருந்த கல்லறைகள் வெளியே வந்தன. சில கல்லறைகள் புல் மூடிய வட்டமான மேடுகளாக, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மேலே குன்றின் தலையில் பொப்புலோனியா, ஒரே ஒரு தெரு, ஒரு கோட்டை. 180 மீட்டர் உயரம். என் கணக்குப்படி 36 நிமிஷம். 41 ஆனது, ஏனென்றால் நடுவில் நின்று எல்பாவைப் பார்த்தேன்.

அங்கிருந்து வடக்கே போல்கெரி. சான் குவீதோவிலிருந்து ஊர் வாசல் வரை 5 கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடு, இரண்டு பக்கமும் சைப்ரஸ். படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நேரில் கார் நிறைய. காலையிலேயே போங்கள்.

போர்க் காலத்தில் ஒரு சைக்கிள் வீரர் சைக்கிளுக்குள் ஆவணங்களை மறைத்துக் கடத்தினார் என்று படித்தேன். நிஜமா? – கல்லூரி மாணவர்

நிஜம். ஜினோ பர்த்தாலி. ஃபுளோரன்ஸுக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1938-இல் ‘டூர் தெ பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயத்தை வென்றார், நடுவில் போர், பத்து வருஷம் கழித்து 1948-இல் மறுபடி வென்றார். 1943, 44-இல் யூதர்களைக் காப்பாற்றப் போலி அடையாளத் தாள்கள் தேவைப்பட்டன. அவற்றைச் சுருட்டிச் சைக்கிள் சட்டத்தின் குழாய்க்குள் செருகிக்கொண்டு ஃபுளோரன்ஸுக்கும் அசீசிக்கும் நடுவே பயிற்சி எடுக்கிற மாதிரி ஓட்டிப் போனார். அசீசியும் மலையூர்தான். உயிரோடு இருந்தவரை இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. 2000-இல் இறந்தார். இஸ்ரேலில் யூத இன அழிப்பு நினைவகமான யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது 2013-இல்.

சட்டத்தின் குழாய்க்குள் எப்படிச் செருகுவது என்று யோசிக்கிறீர்களா? சீட்டைத் தாங்கும் கம்பியை உருவி எடுத்துப் பாருங்கள். உள்ளே வெறும் காற்றுதான் இருக்கும். நான் உருவிப் பார்த்தேன்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? முக்கியமாக என்ன வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும்? – ஒரு வாசகர்

“ஓ ஃபொராத்தோ.” பஞ்சர் ஆகிவிட்டது என்று அர்த்தம். மாஸ்ஸா மரித்திமாவுக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் டிராக்டரில் வந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் இறங்கி, என் டியூபை வாங்கி, உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காற்று கசியும் இடத்தைக் கண்டுபிடித்தார். தண்ணீர் வாளி இல்லாத இடத்தில் நம் ஊர்க் கடைக்காரரும் அதையேதான் செய்வார். ஒட்டி முடித்ததும் ஏதோ நீளமாகக் கேட்டார். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான், அதனால் மறுபடியும் “ஓ ஃபொராத்தோ” என்றேன். அவர் பின்சக்கரத்தையும் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.